ராகு காலத்து எலிகள்

டாக்டர் நஞ்சப்பன் தொண்டையைச் செருமினால் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்று மாடிக்கும் கேட்கும். மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் உடனே எதையாவது எழுத ஆரம்பிப்பார்கள். இரண்டாவது மாடியில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் மீதிச் சிரிப்பை விழுங்கிவிடுவார்கள். தரைத்தளத்தில் எலி அறையில் இருக்கும் நானும் மயிலக்காவும் எழுந்து நின்றுவிடுவோம், அவர் எங்கள் பக்கம் வராவிட்டாலும் கூட.

இத்தனைக்கும் அவர் யாரையும் திட்டியதில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் "என்ன இது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஏழு வருடம் அவரிடம் வேலை பார்த்தும் அவருடைய கண் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. யாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார், கார் ஓட்டமாட்டார், எங்களோடு கம்பெனி வேனில் முன் சீட்டில் ஏறி, இறங்கும் வரை வாய் திறக்கமாட்டார். அவர் வேனில் இருந்தால் டிரைவர் பாட்டுப் போடுவதில்லை.

இப்படிப்பட்டவரிடமிருந்து எங்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் விடுதலை உண்டு. அதற்குப் பெயர் ராகு காலம். மூளை வேதியியலில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், ராகு காலம் தொடங்கியதும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முடியும் வரை எதையும் தொடமாட்டார், யாரையும் பார்க்கமாட்டார். கதவில் ஏழு நாளுக்கும் நேரம் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். 2039ஆம் வருடத்திலுமா என்று கேட்காதீர்கள். ராக்கெட் விடுகிறவர்களே நேரம் பார்க்கும்போது எலிக்கு ஊசி போடுகிறவர் பார்க்கக்கூடாதா என்று நாங்களே அவருக்காக வாதாடுவோம். எங்களுக்கு அந்தத் தாள் அவ்வளவு முக்கியம். திங்கட்கிழமை மட்டும்தான் கொடுமை, அன்று ராகு காலம் ஏழரைக்கே வந்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கூடத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது வலிப்பு மருந்து. வலிப்பு வரும்படி செய்யப்பட்ட நாற்பது எலிகள் என் பொறுப்பில் இருந்தன. இருபதுக்கு வாலில் சிவப்பு மை, இருபதுக்கு நீல மை. ஒரு கூட்டத்துக்கு எங்கள் புது மருந்து, மற்றதற்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்ற விவரம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. அது தெரியாமல்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி.

மருந்து வலிப்பை நிறுத்தினால் மட்டும் போதாது. வலிப்பு மருந்துகளில் பல, வலிப்போடு சேர்த்து ஆளையும் நிறுத்திவிடும். தைரியம் போய்விடும், நாலு பேரோடு பழகும் ஆசை போய்விடும். எனவே எலிகளுக்கு இரண்டு பரீட்சை வைத்தோம். ஒன்று, கூட்டல் குறி வடிவத்தில் உயரமான பலகை. அதில் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் திறந்த வெளி. பயந்த எலி சுவருக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், தைரியமான எலி வெளியே வந்து எட்டிப் பார்க்கும். இன்னொன்று, பக்கத்து அறையில் தெரியாத ஒரு எலியை வைத்துவிட்டு, நம் எலி அதை விசாரிக்கப் போகிறதா என்று பார்ப்பது.

இதோடு பயமானி வந்து சேர்ந்தது. சோப்புப் பெட்டி அளவு கருவி, முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு திரை. அதை மாட்டிய அன்று மயிலக்கா இடுப்பில் கை வைத்து அதை ஏற இறங்கப் பார்த்தார். மயிலாத்தாள் என்கிற மயிலக்காதான் எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்தவர்.

"ஏனம்மிணி, இது எலி மூஞ்சியப் பாத்தே சொல்லிருமா?"

"காது, மீசை, மூச்சு, கண்ணு எல்லாத்தையும் பாத்துட்டு ஒரு நம்பர் சொல்லும்க்கா. முப்பதுக்குக் கீழ இருந்தா நிம்மதி. எழுபதத் தாண்டினா உள்ளுக்குள்ள நடுங்குதுன்னு அர்த்தம்."

"எலிக்கு மட்டுந்தானா?"

"மூஞ்சி இருக்கற எல்லா விலங்குக்கும் சொல்லுமாம்."

"அப்பச் சரி. எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கி மாட்டோணும். பொய் சொன்னா தெரிஞ்சுக்கலாமுல்ல?" என்றார்.

முதல் வாரத்திலேயே சிவப்பு வால்களுக்கு வலிப்பு நின்றுவிட்டது. நீல வால்கள் வழக்கம்போல விழுந்து துடித்தன. உறையைப் பிரிக்காமலேயே எது மருந்து என்று கூடம் முழுக்கத் தெரிந்துபோனது. நஞ்சப்பன் சார் அன்று எலி அறைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"சிவப்பை நல்ல நேரத்துல மட்டும் சோதிங்க. நான் கூட இருக்கேன். நீலத்தை மிச்ச நேரத்துல பண்ணிக்கலாம்."

மிச்ச நேரம் என்றால் ராகு காலம். இதில் என்ன தவறு என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நம் வீட்டில் நல்ல காரியத்தை நல்ல நேரத்தில் வைப்பதும், பழைய சாமானை எடுத்துப் போடுவதை எந்த நேரத்திலும் செய்வதும் பழக்கம்தானே. ஆறு வாரம், சிவப்பு எலிகளுக்கு சார் முன்னிலையில் பரீட்சை நடந்தது. அவர் மூலையில் நாற்காலி போட்டு, அவ்வப்போது செருமியபடி உட்கார்ந்திருப்பார். நீல எலிகளுக்கு ராகு காலத்தில் நானும் மயிலக்காவும் மட்டும். கடலை கொறித்துக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு, மருமகள் கதை பேசிக்கொண்டு பரீட்சை நடத்துவோம்.

முடிவை இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எலிகளுக்கு வலிப்பு சுத்தமாக இல்லை. ஆனால் பய எண் சராசரி எழுபத்து நான்கு. இருபதில் பதினெட்டு, சுவர் இருந்த கையை விட்டு வெளியே வரவே இல்லை. தெரியாத எலியைக் கண்டால் முதுகைக் காட்டின. நீல எலிகளுக்கு வலிப்பு தினமும் வந்தது. ஆனால் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டதும், சந்தைக்குப் போகும் ஆள் கணக்காக, திறந்த கையில் ஓடி வந்தன. பய எண் இருபத்தொன்பது.

சார் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார். "வலிப்பை நிறுத்துது. ஆனா ஆளை உள்ள பூட்டிருது," என்றார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டேகாலுக்கு கம்பெனி கமிட்டி வருது. இதைக் கைவிடறோம்னு சொல்லிரலாம்."

அவ்வளவுதான். பதினோரு வருட உழைப்பு. அவர் குரலில் ஒன்றும் இல்லை. கல்லு மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மட்டும் அது வெறும் தாள் இல்லை. என் தங்கை நறுமுகைக்கு இருபத்தெட்டு வயது. தமிழாசிரியரான எங்கள் அப்பா எனக்குக் கார்குழலி என்றும் அவளுக்கு நறுமுகை என்றும் பெயர் வைத்தார். பேச்சையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிட்டார். கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் இருந்தாள். பெண்ணின் அம்மா, பையனின் அம்மா இரண்டு பேரையும் ஒரே சேலைக்குத் தலையாட்ட வைத்துவிடுவாள். வலிப்பு வந்து அவள் சேலைக் குவியல் மேலேயே விழத் தொடங்கிய பிறகு, நான்கு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. ஐந்தாவதாக வந்தது ஒரு மஞ்சள் மாத்திரை, கருநீல அட்டையில் இருக்கும். வலிப்பு நின்றது. வலிப்போடு நறுமுகையும் நின்றுபோனாள்.

இப்போது வீட்டில் காலிங் பெல் அடித்தால் அவள் சமையலறைக்குள் போய், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். கடைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆயிற்று. எங்கள் மருந்து அவளை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பெல் அடித்தது நான்தான் என்று தெரிந்த பிறகே எழுந்து வந்தாள்.

"உங்க மருந்து என்னாச்சுக்கா?"

சொன்னேன். மறைத்து என்ன பயன்? அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள், பல நாள் கழித்துப் பார்த்த சிரிப்பு.

"மூலையில உக்கார வைக்கற மருந்துதான் எனக்கு ஏற்கெனவே இருக்கே. அதுக்குப் போயி நாப்பது எலியப் பாடாப்படுத்துனீங்களாக்கும்?" என்றவள், காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள், "சரி, அதுக யாரப் பாத்துப் பயப்படுதுக?"

"யாரையும் இல்லடி. பொதுவான பயம்."

"அப்படி ஒண்ணு கெடையாதுக்கா. நானென்ன காலிங் பெல்லுக்கா பயப்படறேன்? பெல்லு அடிச்சுட்டு வெளிய நிக்கற சுசீலாத்தைக்குப் பயப்படறேன். 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேக்குமே, அந்த மூஞ்சிக்கு. மாத்திர பயத்தப் பெருசு பண்ணும். ஆனா பயத்துக்குன்னு ஒரு மூஞ்சி இருக்கும்."

காபி ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு வந்தது. சார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பயமானியில் சேமித்திருந்த ஆறு வாரப் பதிவை ஓட்டினேன். சிவப்பு ஏழு என்ற எலியை எடுத்துக்கொண்டேன், மயிலக்கா மைனர் என்று பெயர் வைத்த எலி. கூண்டிலிருந்து எடுக்கும்போது அதன் எண் இருபத்தாறு. பலகையில் விடும்போது முப்பது. திறந்த கையின் ஓரம் வரை வந்து மூக்கை நீட்டுகிறது. அப்போது தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். நாற்பத்தைந்து. ஒரு செருமல். எழுபத்தெட்டு. கதவு திறப்பதற்குள் மைனர் சுவருக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு நாள் பதிவு, அதே கதை. இன்னொரு எலி, அதே கதை.

பதிவின் ஓரத்தில் இன்னும் இரண்டு வரிகள் ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விலங்கு இரண்டு, விலங்கு மூன்று என்று போட்டிருந்தது. கேமராவின் வீச்சில் வேறு எலியே இல்லை. யார் இந்த விலங்குகள் என்று முழித்துக்கொண்டிருந்தபோது மயிலக்கா திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இது நீயி. இது நானு. பாரம்மிணி, செருமுன ஒடனே நீ எம்பத்தி நாலு, நானு எம்பத்தொம்பது. நம்ம ரெண்டு பேத்துக்கு மைனரே தேவல."

"நம்ம பயந்ததப் பாத்து எலி பயந்துச்சா, அவரப் பாத்து பயந்துச்சாக்கா?"

"அது எலியத்தான் கேக்கோணும். அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே நானு கெதுக்குன்னு எந்திரிச்சர்றேன். நாந்தான அதுகளுக்குப் பக்கத்துல நிக்கறவ?"

விஷயம் புரிந்துவிட்டது. நாங்கள் மருந்தைச் சோதிக்கவே இல்லை. ஆறு வாரமாக டாக்டர் நஞ்சப்பனைச் சோதித்திருக்கிறோம். ஆனால் புரிந்தது உண்மையா, தங்கைக்காக நான் ஆசைப்படுவதா என்று எனக்கே என் மேல் சந்தேகம். அதற்கு ஒரு வழிதான் இருந்தது, சிவப்பு எலிகளை ராகு காலத்தில் சோதிப்பது. மிச்சம் இருந்த ஒரே ராகு காலம் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை பத்து முப்பத்தொன்றுக்கு ரேடியோவைப் போட்டோம், கடலையைப் பிரித்தோம், மைனரைப் பலகையில் விட்டோம். அது இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, ஏதோ பூர்வீகச் சொத்தைப் பார்வையிடுவது மாதிரி திறந்த கையின் நுனி வரை நடந்து போய் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. இருபத்திரண்டு. நேரத்துக்குள் ஒன்பது சிவப்பு எலிகளைப் பார்க்க முடிந்தது. ஒன்பதில் எட்டு வெளியே வந்தன. தெரியாத எலியை மோந்து விசாரித்தன. வலிப்பும் இல்லை, பயமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணி பதினொன்று நாற்பது. கமிட்டி பன்னிரண்டேகாலுக்கு. சார் அறையிலிருந்து பன்னிரண்டுக்கு வெளியே வந்தால் நேரே வாசலுக்குப் போய் அவர்களை வரவேற்று, கைவிட்டோம் என்று சொல்லிவிடுவார். அதற்குள் சொல்லியாக வேண்டும். அதாவது, ராகு காலத்தில் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். சொல்ல வேண்டியதோ, சார் உங்களைப் பார்த்தால் எலி நடுங்குகிறது என்று. வேலை போனால் நறுமுகையின் மாத்திரைக்குக் கூட வழியில்லை.

"நானும் வாரேன்," என்றார் மயிலக்கா. "ரெண்டு பேரா நடுங்குனா தெரியாது."

பயமானியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தட்டினேன். மறுபடி தட்டிவிட்டு, என்ன துணிச்சலில் என்று தெரியவில்லை, திறந்துவிட்டேன்.

அந்த அறைக்குள் நான் அதுவரை இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டு முறையும் தரையையே பார்த்துவிட்டு வந்தவள். இப்போது பார்த்தேன். இவ்வளவு பெரிய அறையில் ஜன்னலோரம் முழுக்கக் காலி. மேஜையை மூலைக்குத் தள்ளி, இரண்டு பக்கமும் இரண்டு இரும்பு பீரோவை நிறுத்தி, நடுவில் ஒரு ஆள் நுழையும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான்கள் கழன்றிருந்தன. எதிரே தண்ணீர் டம்ளர். பக்கத்தில் ஒரு கருநீல அட்டை, அதில் மஞ்சள் மாத்திரைகள்.

என் வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே அட்டை.

"என்ன இது?" என்றார். வழக்கமான கேள்விதான். குரல்தான் வேறாக இருந்தது.

"சார், ஒரு பதிவு பாக்கோணும்ங்க. அஞ்சு நிமிசம்தானுங்க."

பயமானியை மேஜையில் வைத்துப் பதிவுகளை ஓட்டினேன். செருப்புச் சத்தம், செருமல், ஏறும் எண். பிறகு இன்று காலை மைனர் முகம் கழுவியது. அவர் கடைசி வரை பார்த்தார்.

"அப்ப மருந்துல தப்பில்ல?"

"இல்லிங்க சார்."

"பின்ன எதுல தப்பு?"

நான் தரையைப் பார்த்தேன். தரை ஒன்றும் சொல்லவில்லை. மயிலக்காதான் வாயைத் திறந்தார்.

"உங்க செருப்புலதானுங்க சார். செருப்புலயும் செருமல்லயும். எலிக்கு மட்டுமில்லிங்க, இங்க எல்லாத்துக்குமே அப்படித்தானுங்க."

பதிவு முடிந்ததும் கருவி தானாக நேரடிக் காட்சிக்கு மாறியிருந்தது. எதிரில் இருக்கும் முகங்களை எண்ணி, திரையில் மூன்று வரி போட்டது. எண்பத்தாறு, எண்பத்தொன்பது, தொண்ணூற்று மூன்று. சார் அதை உற்றுப் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூணு யாரு?"

"நீங்கதானுங்க சார்," என்றேன்.

அவர் அட்டையை மறைக்கப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். "பன்னெண்டு வயசுல இருந்து வலிப்பு. இந்த மாத்திரை ஒம்பது வருசமா. வலிப்பு வர்றதில்ல. மனுசங்க முகத்தைப் பார்த்தாத்தான் நெஞ்சு அடைச்சுக்குது. ஒரு கேள்வி கேட்பேன், பதில் வர்ற வரைக்கும் நிக்க முடியாது. திரும்பிக்குவேன்."

"அப்ப ராகு காலம்ங்க?"

"ராகு காலமாவது மண்ணாவது. தலைவலின்னு கதவைச் சாத்தினா நாலு பேர் விசாரிக்க வருவாங்க. ராகு காலம்னு சாத்தினா இந்த ஊர்ல ஒருத்தர் தட்டமாட்டாங்க. அந்த ஒன்றரை மணி நேரம் இல்லேன்னா நான் மிச்ச நேரம் வெளிய நடமாடவே முடியாதும்மா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கல்லு மனுஷன் என்று நினைத்தேனே. பதினோரு வருடமாக அவர் தனக்காகவும் காத்திருந்திருக்கிறார். புதன்கிழமை அந்தத் தாளைப் படித்துவிட்டு, தன்னைத் திறந்துவிடக்கூடிய ஒரே சாவியைத் தானே தூக்கிப் போடப் போனவர் அவர். எலி அப்படிச் சொல்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. நான் மட்டும் என்ன யோக்கியம்? என் தங்கையைப் பற்றி அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"அதே மாத்திரையா?"

"அதேதானுங்க சார். பிரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல உக்காந்துக்குவா."

அவர் தன் இரண்டு பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைக் கேட்டேன், செருமலை விடச் சின்ன சத்தம்.

"அப்ப நாம ரெண்டு பேருமே ஆசை உள்ளவங்க. நம்ம கையால இந்தச் சோதனை நடக்கக்கூடாது. வேற ஆளுங்க, வேற இடத்துல, ரெண்டு வாலையும் ஒரே நேரத்துல பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் கமிட்டிக்கு வர்றீங்களா? தனியாப் போனா என்னால பேச முடியாது."

கமிட்டியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ராகு காலத்தைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். தன் வலிப்பைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு உறுப்பினர், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டார். சொல்லியிருந்தால் பதினோரு வருடத்துக்கு முன் இந்த நாற்காலியைக் கொடுத்திருப்பீர்களா என்று சார் கேட்டார், கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்குக் கீழே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது எங்களுக்குத்தான் தெரியும்.

சோதனை வேறு மாநிலத்தில் மறுபடி நடந்தது. மருந்து தேறியது, சிவப்பு எலிகள் வலிப்பும் இல்லாமல் பயமும் இல்லாமல் ஊர் சுற்றின. ஆனால் மருந்துக்குச் சொந்தக்காரராகவும் நோயாளியாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. நஞ்சப்பன் சார் பதவியை விட்டார், மருந்தின் மேல் இருந்த உரிமையை விட்டார், ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிட்டார். அதில் அவர் எழுதிய ஒரு வரியை மட்டும் நாங்கள் எடுக்கவிடவில்லை. சோதனை முறைகள் என்ற பகுதியில் அது இருக்கிறது: 'சோதனை நடந்தபோது இயக்குநர் அறையில் இல்லை.'

பிறகு மனிதர்களுக்கான சோதனை. வேறு ஊரில் ஒரு மருத்துவமனை நடத்தியது, எங்களுக்கு அதில் கையில்லை. முந்நூறு பேர். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு அவரவர் பழைய மாத்திரையே, பொடித்துப் போட்டு. எல்லாம் வெள்ளைக் கேப்சூல், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நறுமுகையும் சேர்ந்தாள், சாரும் சேர்ந்தார்.

ஐந்தாவது மாதம் நறுமுகை பெல் சத்தம் கேட்டுத் தானே போய்க் கதவைத் திறந்து, சுசீலாத்தைக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். அத்தைதான் தப்பித்து ஓடியது. எட்டாவது மாதம் பட்டுப் பிரிவுக்குத் திரும்பினாள்.

சாரின் கதை அதைவிட மோசம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று வாரம் இரண்டு நாள் கூடத்துக்கு வர ஆரம்பித்தார். கேன்டீனில் நடு மேஜையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த நகைச்சுவைகளைச் சொன்னார். எல்லாம் மகா மட்டம். முடிவு வருவதற்குள் அவரே சிரித்துவிடுவார். கேள்வி கேட்டால் பதில் வரும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், அவருடைய கண் பழுப்பு நிறம். ராகு காலத்திலும் வருவார். அந்த ஒன்றரை மணி நேர விடுதலை எங்களுக்கு நிரந்தரமாகப் போயிற்று. "மருந்து இவ்வளவு வேலை செய்யும்னு எதிர்பாக்கலியே அம்மிணி," என்று மயிலக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருடம் கழித்து உறையைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பினார்கள். நறுமுகைக்கு வந்தது புது மருந்து. அவள் அதை ஆச்சரியப்படாமல் படித்து மடித்து வைத்தாள். சார் தன் கடிதத்தைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு எலி அறைக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று.

"நீ படிம்மா," என்று என்னிடம் கொடுத்துவிட்டு பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். சிவப்பு, நீலம் எல்லாம் போய், புதுக் கூட்டத்து எலி ஒன்று பலகையில் நின்றுகொண்டிருந்தது.

படித்தேன். அவருக்குக் கொடுத்தது பழைய மாத்திரை. ஒன்பது வருடம் அவரை இரண்டு பீரோவுக்கு நடுவில் உட்கார வைத்த அதே மஞ்சள் மாத்திரையின் தூள், வெள்ளைக் கேப்சூலுக்குள்.

இன்னொரு தரம் படித்தேன். எழுத்து மாறவில்லை. முதலில் சாரின் குற்றத்தை மருந்தின் மேல் போட்டோம். பிறகு சாரின் நல்லதையும் மருந்தின் கணக்கில் போட்டோம். இரண்டு தடவையும் ஒரே தப்பு. சொன்னால் என்ன ஆகும்? புது மருந்து இல்லை என்று தெரிந்த நிமிஷமே மனிதர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால்? பொய் சொல்லிவிடலாமா என்று சத்தியமாக யோசித்தேன். கேன்டீனுக்கு ஆபத்துதான், ஆனாலும் பரவாயில்லை.

"சொல்லத் தேவையில்ல," என்றார் அவர். பயமானியின் திரையைக் காட்டினார். "உன் நம்பர் எண்பத்தி ரெண்டு. பழைய மாத்திரைதானே?"

நான் தலையாட்டினேன். என் கண் அவருடைய வரியில் இருந்தது. இருபத்து மூன்று. ஏறும் ஏறும் என்று பார்த்தேன், அங்கேயே நின்றது.

"அப்ப என்ன அர்த்தம்? பயம் மாத்திரையால இல்ல, மறைச்சு வெச்சதாலங்கறியா?"

"ஒரே ஒரு விலங்க வெச்சு முடிவு சொல்லக்கூடாதுங்க சார். நறுமுகைக்கு மாத்திரதான் காரணம். உங்களுக்கு எதுன்னு தெரியல."

"சரி. அப்ப கேன்டீன்ல இவ்வளவு நாளா சிரிச்சுட்டு இருந்தது யாரு?"

"நீங்கதானுங்க சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினார். பலகையில் இருந்த எலி காதைத் தூக்கியது. சுவர் பக்கம் போகாமல் திறந்த கையின் ஓரத்துக்கு வந்து, அவர் நீட்டிய விரலை மோந்து பார்த்தது.

"இதைப் பத்தி ஒரு நல்ல ஜோக் இருக்கு, கேளு," என்று என் பக்கம் திரும்பினார். திரையில் எலி பத்தொன்பதில் இருந்தது, அவர் இருபதில் இருந்தார். என் எண் மட்டும் மறுபடி ஏறத் தொடங்கியது.